மஞ்சள் பாப்ளின்

அவனுக்கு என்ன கொடுப்பது என்று யோசிப்பதிலேயே எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. முதலில் சீப்பு என்று நினைத்தேன். அவன் தலைமுடி எந்தச் சீப்புக்கும் அடங்குகிற ரகமில்லை. தலைக்குத் தடவும் வாசனைக் கிரீம் நல்ல யோசனைதான். ஆனால் அந்த வாசனை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் போய் அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கைக்குட்டை கொடுத்தால் பிரிவு வரும் என்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். பேனாக்கத்தி கொடுக்கலாமென்றால், நாள் முழுக்கக் கரும்பு வெட்டுகிறவனுக்கு இன்னொரு கத்தி எதற்கு? இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் சட்டையில் வந்து நின்றேன். கைக்குட்டையே கொடுத்திருக்கலாம்.

ஃபிஜியில், சவேனி என்ற ஊரில் எங்கள் வீடு டிராம் லைனை ஒட்டி இருந்தது. மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் குட்டி ரயிலைத்தான் அங்கே டிராம் என்பார்கள். அத்தா தையல்காரர். முன் அறையில் மிஷின், நடுவில் ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் நான். காஜா எடுப்பது, பொத்தான் தைப்பது, மடித்து அடுக்குவது எல்லாம் என் வேலை. உம்மா நான் சிறுமியாக இருந்தபோதே மௌத்தாகிவிட்டார். சுற்றியிருந்த கரும்புத் தோட்டக்காரர்கள் எல்லாரும் அத்தாவை பாய் என்று கூப்பிடுவார்கள், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தால் ஊர்க்கதை முழுவதையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள். என் உலக அறிவு எல்லாம் அந்தத் திரை வழியாக வந்ததுதான்.

அவன் வீடு இரண்டு தோட்டம் தள்ளி. அவனும் அவன் அம்மாவும்தான். அப்பா இல்லை. அவன் தாத்தாவும் என் தாத்தாவும் மதராஸில் ஒரே கப்பலில் ஏறியவர்கள் என்று சொல்வார்கள். கப்பலில் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள், கரை இறங்கியதும் ஒருவர் மாரியம்மன் கோயிலுக்கும் ஒருவர் பள்ளிவாசலுக்கும் பிரிந்து போனார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் மறுபடி ஒரே பெஞ்சுக்கு வந்தோம். அத்தா வீட்டில் தமிழ் பேசுவார் என்பதால் எனக்குத் தமிழ் வந்தது. அவனுக்கு எல்லாம் இந்திதான், எங்கள் தீவில் பேசுகிற இந்தி. பெரியவர்கள் தமிழில் ஏதாவது கேட்டால் அவன் வயதுப் பையன்களுக்கு ஒரு வழி இருந்தது. புரிந்தாலும் புரியாவிட்டாலும் சிரித்த முகமாக "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். பெரியவர்களுக்குப் பரம திருப்தி. அவன் இதில் கைதேர்ந்தவன்.

பள்ளிக்கூடம் முடிந்து அவன் கரும்புக்கும் நான் காஜாவுக்கும் போன பிறகு, டிராம் லைன் ஓரத்துத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்துக்கொள்வோம். காதல் என்ற சொல்லை நாங்கள் இருவரும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரிந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். எங்கள் ஜமாத்தில் ஒரு பெண் இப்படித்தான் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தாள். கடல் தாண்டி ட்ரெகேட்டியில் நெல் விளைவிக்கும் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக அவளை ஏற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் அவள் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

சட்டைத் துணி வாங்க லௌடோகா டவுனுக்குப் போனேன், அத்தாவுக்கு நூல் வாங்கி வருகிற சாக்கில். குஜராத்திக்காரர் கடை வாசலிலேயே மஞ்சள் பாப்ளின் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. வேறு எந்த நிறமும் அவ்வளவு இல்லை. பாஷன் மாறிவிட்டது, இனி ஊர் முழுக்க மஞ்சள்தான் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கடைக்காரர் துணியை அளந்து கிழித்தபடி, "உங்க வீட்டிலுமா?" என்று இந்தியில் கேட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அத்தா தொழுகைக்குப் போன நேரத்தில் வெட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை தைத்து முடித்தேன். அளவு எடுக்கவில்லை, அவன் தோள் எனக்குக் கண்ணிலேயே இருந்தது. காலரை அத்தா ஒரு சின்ன வளைவு கொடுத்து வெட்டுவார், லௌடோகாவில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை. நானும் அப்படியே வெட்டினேன், எனக்கு வேறு வெட்டு தெரியாது. மிச்சத் துண்டுகளை அடுப்பில் போட்டுவிட்டு, ரொம்ப சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கொடுத்த அன்று யாரோ கரும்புக் காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள். அறுப்புக்கு முன்னால் காய்ந்த தோகையை எரிப்பது வழக்கம்தான். ஆனால் காற்று எங்கள் பக்கம் திரும்பி, கருகிய தோகை இழை இழையாக எங்கும் விழுந்துகொண்டிருந்தது. காலி டிராம் பெட்டிகள் நின்ற இடத்தின் மறைவில் அவன் செய்தித்தாளைப் பிரித்தான்.

"கோன்ச்சி?" என்றான். என்ன என்பதற்கு எங்கள் ஊர் இந்தி. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த இந்திதான், சொல்வதற்காகத் தமிழில் சொல்கிறேன்.

"பாத்தா தெரியலையா? சட்டை."

"நீயே தச்சியா?"

"பின்ன? சர்ப்ரைஸ்னா சும்மாவா?"

அவன் சட்டையை நெஞ்சில் வைத்துப் பார்த்தான். "மஞ்சள்..." என்று எதையோ சொல்ல வந்து இழுத்தான்.

"ஏன், புடிக்கலையா?" என்றேன். என் முகம் சுண்டிப்போயிருக்க வேண்டும்.

"புடிச்சிருக்கு, புடிச்சிருக்கு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டான். அந்த இழுப்பை அன்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, எனக்கு அவன் சந்தோஷப்பட வேண்டியிருந்தது. சட்டை மேல் விழுந்த கரியைத் தட்டினால் கறையாகிவிடும் என்று வாயால் ஊதிவிட்டு, எங்கள் பழைய தமிழ் வாத்தியாரைப் போலக் குரலைக் கனமாக்கி, "மிக நேர்த்தி" என்றேன்.

"நேர்த்தி கோன்ச்சி?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ். யாராச்சும் சட்டை எப்படின்னு கேட்டா நேர்த்தின்னு சொல்லு. மயங்கி விழுந்துடுவாங்க."

அவன் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கத்துக் கோயிலில் கொடி ஏற்றுகிறார்கள், ஊரே வரும், அங்கே போட்டுக்கொள்கிறேன், நீ ரோட்டில் நின்று பார் என்றான். போகும்போது சட்டையை மடிக்கத் தெரியாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எதிரே, பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி நின்றேன்.  மஞ்சள் உடுத்தியிருந்தது அவன் மட்டுமில்லை. கொடிமரத்தடியில் ஆண்கள் ஒரு வரிசையாக நின்றார்கள், எல்லாருக்கும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, எல்லாம் அதே கடைத் துணி. அவன் வரிசையின் கடைசியை ஒட்டி, வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றுகொண்டிருந்தான். நவுவாவிலிருந்து வரவழைத்த வயதான பூசாரி ஒருவர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் எதையோ கட்டிக்கொண்டே வந்தார். அவனிடம் வந்ததும் நின்று, சட்டையைப் பார்த்து, ஏதோ கேட்டார். அவன் பல் தெரியச் சிரித்துப் பதில் சொன்னான். பூசாரி அவன் கையைப் பிடித்து மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

மேளம் எழுந்தது. அவன் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, அழுதுகொண்டே குலவை போட்டாள். அவன் சிரிப்பு அப்போதுதான் போயிற்று. தலையைத் திருப்பி ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைத் தேடினான். நடுவில் பஸ் வந்து நின்றது. பஸ் நகர்ந்தபோது அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

என்ன நடந்தது என்பது திரை வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்த தோட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அந்த அறுதலிப் பொம்பள மவன் காப்பு கட்டிட்டான், தெரியுமா பாய்? தீ மிதிக்கப் போறான்."

"அந்தப் பையனா? அவன் கோயில் பக்கமே போவ மாட்டானே" என்றார் அத்தா.

"அதான் ஆச்சரியம். புது மஞ்சள் சட்ட போட்டுக்கிட்டு வந்து நின்னான். பூசாரி 'நேர்த்தியா தம்பி?'ன்னு கேட்டாரு. 'ஆமாங்க, ரொம்ப நேர்த்தி'ன்னான் கணீர்னு. பூசாரியே ஆடிப்போயிட்டாரு. இந்தக் காலத்துப் புள்ளைக்கு அந்த வார்த்தையெல்லாம் எங்க தெரியுது?"

"நேர்த்தின்னா அழகா, சுத்தமான்னுதான?"

"அது ஒங்க தையலுக்கு பாய். கோயில்ல நேர்த்தின்னா அம்மனுக்கு நேந்துக்கிட்டது. வேண்டுதல்."

கையிலிருந்த காஜாவை நான் அதற்கு மேல் எடுக்கவில்லை. அந்தச் சொல்லை அவன் வாயில் போட்டவள் நான். சட்டையும் என்னுடையது, பதிலும் என்னுடையது.

"தெரியாம சொல்லியிருந்தான்னா? அவுத்துட வேண்டியதுதான" என்று அத்தா சிரித்தார்.

"காப்ப அவுக்கறதா? திருநாள் முடியற வரைக்கும் யாரும் தொட முடியாது. கோயிலுக்குள்ளதான் படுக்கை. கவிச்சி கிடையாது, பொம்பள மொகத்துல முழிக்கக் கூடாது. சுத்தமா இருந்தாத்தான் தீ பூவாட்டம் இருக்கும். உள்ள குத்தம் வச்சிக்கிட்டு எறங்கினா வெந்துடும். போன தடவ ஒருத்தன் குழிக்குள்ளயே விழுந்தான். ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டா, ஒருத்தியோட பழக்கம்னு அவனே ஒப்புக்கிட்டான். தீக்கிட்ட மறைக்க முடியுமா?"

அன்றிலிருந்து எனக்குப் பயம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அவன் கால். அதற்குள் இரும்பா இருக்கிறது, கரும்பு வெட்டுகிற ஒரு பையனின் கால்தானே அது. இன்னொன்று, கால் வெந்தால் கேட்கப்போகும் கேள்வி. என்ன குற்றம் என்று கேட்பார்கள், அடுத்த மூச்சில் யார் அவள் என்று கேட்பார்கள். கோயில் ரோட்டில் போகும்போதெல்லாம் தீக்குழிக்கான கண்டல் மரக் கட்டைகள் அடுக்கு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தேன். ஈரம் காய வெயிலில் அடுக்கியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். போதாதென்று கோயில் மதிலைத் தாண்டும்போது, எப்படிக் கேட்பது என்று தெரியாமலேயே, அந்த அம்மனிடமும் கேட்டேன். ஒரு கொப்புளம்கூட வரக் கூடாது என்று கேட்டேன்.

அந்தத் தோட்டக்காரர் கால்சட்டையை வாங்க மறுபடி வந்தார். போகிற போக்கில், "அந்தப் பையன் சட்ட ஒங்க வெட்டுதான பாய்? காலரப் பாத்தாலே தெரியுது" என்றார்.

மிஷின் நின்றது. "இந்த ஊருல நம்மகிட்ட தைக்காதவங்க யாரு" என்று அத்தா சொன்னார். சொன்ன விதத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அந்தச் சட்டையைத் தைக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தோட்டக்காரர் போன பிறகு அத்தா எண்ணெய்க் குப்பியை எடுத்தார். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றினார். அதற்கடியில்தான் தைத்த துணிகளின் பஞ்சு சேரும். வழக்கமாகத் துணியால் ஒற்றி எடுத்துவிடுவார். அன்று விரலால் தோண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைப் பஞ்சுக்கும் காக்கிப் பஞ்சுக்கும் இடையில் மஞ்சள் ஒரு பட்டையாகத் தெரிந்தது. ஊதிவிட்டு, தகட்டை மாட்டி, வேலையைத் தொடர்ந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிடும்போது குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ட்ரெகேட்டியிலேர்ந்து ஒன்னய கேட்டுக்கிட்டே இருக்காங்க புள்ள. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. இந்தத் திருநாள் முடியட்டும்." குழம்பை ஊற்றிப் பிசைந்தார். "நீ தீ மிதிக்கறதப் பாத்ததே இல்லல்ல? வா, இந்தத் தடவ போவலாம்."

போனோம். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. குதிரை வண்டிகளில் வந்த தோட்டக்காரக் குடும்பங்கள், குடைக்கடியில் ஃபிஜிக்காரப் பெண்கள், மில்லிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தா கூட்டத்தை விலக்கி என்னைக் கயிற்றுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் நிறுத்தினார். அவர் எனக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டார். குழி எனக்கு நேரே இருந்தது. அவருக்கு நேரே நான் இருந்தேன்.

கட்டைகள் எரிந்து தணலாகியிருந்தன. நீண்ட கழிகளால் அதைப் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பித் திருப்பி மூச்சு விட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே கன்னம் காய்ந்தது. கடல் பக்கமிருந்து மேளம் நெருங்கி வந்தது. கடலில் முழுகி எழுந்து ஈர மஞ்சளோடு அவர்கள் வந்தார்கள். அவன் நடுவில் வந்தான். மேலே சட்டை இல்லை, கன்னத்தில் அலகு குத்தியிருந்தது, கண் எங்கேயோ இருந்தது. அந்தச் சில நாட்களில் ஆள் பாதியாகியிருந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவனுக்குக் கேட்டிருக்காது என்று தோன்றியது.

பூசாரி கரகத்தோடு முதலில் இறங்கினார். பின்னால் ஒருவர், இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் கூட்டம் குரல் எழுப்பியது. அவன் குழியின் விளிம்புக்கு வந்தான். அத்தா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைப் பார்த்தது போலவே இவனையும் பார்க்க வேண்டும், கண் ஒரு நொடி கூடுதலாக நிற்கக் கூடாது, மூச்சுக்கூட மாறக் கூடாது. அவன் இறங்கினான். என் நகம் உள்ளங்கையில் ஏறியது, ஆனால் அது துப்பட்டாவுக்குள் இருந்தது. அவன் ஓடவில்லை. தோட்டத்தில் வரப்பு மேல் நடப்பது போல நடந்து, அந்தக் கடைசியில் இருந்த பால் குழிக்குள் நின்றான்.

கோயில் பெரியவர் குனிந்து அவன் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். சாம்பல் ஒட்டியிருந்தது, பாலில் அதுவும் கரைந்தது. அவன் அம்மா தலைமுடி அவிழ அவன்மேல் விழுந்தாள்.

"எம் புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாரும் பாத்துக்குங்க. ஒரு குத்தமும் இல்ல."

எனக்குப் பக்கத்தில் அத்தாவின் தோள் இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், வாய்க்குள். என் தலையில் கை வைத்தார், சின்ன வயதில் வைப்பாரே, அப்படி.  பாவம், அவரும் அத்தனை நாளும் தூங்காமல்தான் இருந்திருக்கிறார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். "நான்தான் மனசுல என்னென்னமோ நெனச்சிட்டேம்மா. அந்தத் தீயில பொய் நிக்குமா? ட்ரெகேட்டிக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். அம்மன் இல்லவே இல்லை என்று சொல்கிற மனிதர் அந்த அம்மனின் சாட்சியை அப்படியே ஏற்றுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கால் பிழைத்தது, நானும் பிழைத்தேன். அன்று தேங்காயைத் தாராளமாகப் போட்டு ஒரு குழம்பு வைத்தேன்.

அவன் குழாயடிக்கு வர ரொம்ப நாளாயிற்று. வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"அச்சா ஹை. ஒண்ணுமில்ல." தூக்கிக் காட்டினான். உண்மையிலேயே ஒன்றுமில்லை. பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோயில் பெரியவர் வீட்டுக்கு வந்தாரு. அவரு பொண்ண எனக்குக் குடுக்கறாராம். சுத்தமான பையன்னு. அம்மா வெத்தல பாக்கு வாங்கிடுச்சு."

"நீ சொல்ல வேண்டியதுதான, ஒருத்தி இருக்கான்னு."

"சொன்னா, அப்ப கால் ஏன் வேகலைன்னு கேப்பாங்க. அம்மனையே ஏமாத்திட்டு நடந்தேன்னு ஆவும். அம்மா உசுர விட்டுடும்."

"ஏன் அப்படி நெனக்கணும்? வேகலைன்னா நம்ம மேல தப்பு இல்லைன்னுதான அர்த்தம்?"

"அத நானும் நெனச்சேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "யாருகிட்ட சொல்றது அத? யாரு கேப்பாங்க?"  பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, சொன்னான்: "எறங்கறப்ப முடிவு பண்ணிட்டுத்தான் எறங்கினேன். வெந்துச்சுன்னா ஒம் பேரச் சொல்லிடறது. எல்லார் முன்னாலயும்."

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. என் மேல், அந்தக் கோயில் மேல், நான் ஓதின துஆ ஒவ்வொன்றின் மேலும் வந்தது. ஒரு கொப்புளம் போதும். உள்ளங்காலில் ஒரே ஒரு கொப்புளம் வந்திருந்தால் அவன் என் பெயரைச் சொல்லியிருப்பான். அதற்கு அப்புறம் ட்ரெகேட்டியோ, அடியோ உதையோ, என்ன வந்தாலும் நான் ஒருத்தி இருந்தேன் என்றாவது ஆகியிருக்கும். அவன் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. டிராம் லைன் கட்டைகளின் மேல் வெறுங்காலோடு நடந்து போனான், நொண்டாமல், நேராக. அவன் கரும்புக்குள் மறையும் வரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெந்து போகட்டும் என்று.